முன்வாசலுக்கு வந்த காற்று

வாகைப்புதூரில் ஆடி பிறந்து ஒன்பது நாளாகியும் வராத காற்று, பத்தாம் நாள் காலை சென்னியப்பன் தன் காரின் எஞ்சினை ஓடவிட்டபோது வந்தது. வந்தது ஊருக்கு அல்ல, காருக்கு.

வருஷம் தவறாமல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, தென்னைகளை ஒரு பக்கமாகச் சீவி, கோழிகளைப் பின்னால் நடக்கவைத்து, ரோட்டுக்கு அந்தப்புறம் நிற்கும் நாற்பது காற்றாலைகளையும் சுற்றிவிட்டுப் பல்லடம் பக்கம் போகிற அந்தக் காற்று, இந்தத் தடவை எதையும் தொடாமல் ஒரே ஓட்டமாக வந்து, லேத் பட்டறை வாசலில் நின்ற மஞ்சள் காரின் முகத்துக்கு நேராக வீசியது. காரை வடக்கே திருப்பினால் வடக்கிலிருந்து வீசியது, தெற்கே திருப்பினால் சுற்றிக்கொண்டு போய்த் தெற்கிலிருந்து வீசியது. எஞ்சினை அணைத்தால் பட்டறையின் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, மறுபடி சாவி திருப்பும்வரை அங்கேயே கடகடத்துக்கொண்டு கிடந்தது. பத்தடி தள்ளி ஓர் இலையும் அசையவில்லை.

அதைப் பார்த்துச் சென்னியப்பனின் மனைவி கோகிலவாணி செய்த முதல் காரியம், கொடியில் கிடந்த ஈரத்துணிகளை எடுத்துக் காருக்கு முன்னால் கட்டியதுதான்.

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்து நாலு. தண்ணீர் பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பவன். குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் கொட்டகையில் உரமூட்டைகளுக்கு அடியில் கிடந்த காரை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். ஜெர்மனியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற ஓர் ஓட்டையும் கிடையாது, எஞ்சின் பின்னால். குந்தியிருக்கும் விதத்தைப் பார்த்து ஊர் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். எள்ளுக்காட்டு ராமாத்தாள் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் டேங்கும் ஒரு டயரும்தான் இருக்குது, எஞ்சினை ஏமாத்தி எடுத்துட்டானாட்ட இருக்குது சென்னி," என்று வருத்தத்தோடு சொன்னாள். பின்னால் இருக்கிறது என்று காட்டியதும், ஆறு சிலிண்டர் எஞ்சின் வேகாமல் இருக்கட்டும் என்று ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தாள். "இதுக்குத் தண்ணி வேண்டாங்க்கா. காத்து வந்து குளுத்திக்கும்," என்றான் சென்னியப்பன். இதை அவன் கூட்டத்தின் நடுவில் உரக்கச் சொன்னான் என்றும், அதைக் காற்று கேட்டிருக்கும் என்றும் பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஊர் அதற்கு மேல் காரணம் தேடவில்லை.

ஒன்பது வருஷமாகச் சென்னியப்பன் அந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக இளைக்கவைத்துக்கொண்டிருந்தான். பின் சீட்டு போயிற்று, கம்பளம் போயிற்று, ரேடியோ போயிற்று. கண்ணாடிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. கதவைத் திறக்கும் கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கோகிலவாணியின் உள்பாவாடை நாடாவைக் கட்டினான். கார் உருண்டால் தலை நசுங்காமல் இருக்க இரும்புக் குழாயை வளைத்து உள்ளே ஒரு கூண்டு செய்துவிட்டு, அந்தக் குழாயின் எடையை வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும் என்று பெடலில் ஓட்டை போட்டான், கதவின் உள்தகட்டில் ஓட்டை போட்டான், சாவியில் ஓட்டை போட்டான். ஒருநாள் தோசைக் கரண்டியில் வரிசையாக ஏழு ஓட்டைகளைப் பார்த்துவிட்டுக் கோகிலவாணி, "இது எந்தக் காருக்குங்க?" என்று கேட்டாள். "டிரில் பிட்டு புதுசு. சும்மா பார்த்தேன்," என்றான் அவன்.

இதெல்லாம் மச்சான் நாச்சிமுத்துவுக்காக. நாச்சிமுத்து கோகிலவாணியின் அண்ணன், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் களம் வைத்திருப்பவர். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், மீசை முளைத்த புதிதில், சிநேகிதனின் காரை வாங்கிப் பந்தயத் தடத்தை ஒரு நிமிஷம் இருபத்து நாலு விநாடியில் சுற்றியவர். அதற்குப் பின் அவர் எந்தக் காரையும் வேகமாக ஓட்டவில்லை. ஓட்டத் தேவையில்லாமல் போயிற்று. சென்னியப்பனின் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் அந்த ஒரு நிமிஷம் இருபத்து நாலு விநாடியைச் சொல்ல ஆரம்பித்து, நாதஸ்வரக்காரர் அவர் மூன்றாவது வளைவைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வீடு குடிபுகுந்தபோது சொன்னார். சென்னியப்பனின் அப்பா இறந்த பதினாறாம் நாள் பந்தியில் சொன்னார். கார் வந்தபின் ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு, "மாப்பிள்ளையும் ஒரு வண்டி வெச்சிருக்கறாரு. நல்லா மினுக்கி வெச்சிருக்கறாரு," என்று சேர்த்துக்கொள்வார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த மகள் நறுமுகைக்கு மூன்று வயது முடிந்து, ஆவணியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஊரும் உறவும் சுற்றி நிற்க, பட்டுத்துண்டு போட்டு நடுவில் உட்காரப்போகிறவர் நாச்சிமுத்து. அங்கே அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு நிமிஷம் இருபத்து நாலை உடைத்துவிட வேண்டும். சென்னியப்பனுக்கு வேறு ஆசை இல்லை. பந்தயம், கோப்பை எதுவும் வேண்டாம்.

வைகாசியில் அவன் ஒரு நிமிஷம் இருபத்தைந்துக்கு வந்துவிட்டான். ஆனியில் கார்புரேட்டர்களைக் கழற்றிச் சரிசெய்து, இன்னும் இரண்டு விநாடி குறைத்துவிடலாம் என்று நம்பினான். ஆடியில் காற்று வந்து சேர்ந்தது. தடத்தில் இறக்கியதும் நேர்ச்சாலையில் எதிரே வீசியது, வளைவில் கூடவே வளைந்து வந்து எதிரே வீசியது, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறானோ அவ்வளவு அக்கறையோடு எதிரே வீசியது. எஞ்சின் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்தது. நேரம் ஒரு நிமிஷம் முப்பத்து மூன்று. மறுநாள் கோபத்தில் ஓட்டினான், நாற்பத்தொன்று ஆயிற்று.

ஊருக்கோ வேலை நடக்க வேண்டியிருந்தது. ராமாத்தாளின் எள்ளு அடித்துக் குவித்துக் களத்தில் கிடந்தது, தூற்றக் காற்றில்லை. அவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். "சென்னி, தவளையைக் கொண்டுட்டு வந்து களத்துல ஒரு மணிநேரம் உறுமவிடு சாமி."

"அக்கா, இது ரேஸ் காரு."

"இருக்கட்டும். நான் ஒண்ணும் ஏர்ல பூட்டறேன்னு சொல்லலையே."

அவன் காரைக் களத்தின் கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்த்து நிறுத்தினான். எஞ்சின் உறுமியது, காற்று களத்தின் குறுக்கே நடந்துவந்தது, ராமாத்தாள் முறத்தை உயர்த்தினாள், எள்ளு காலடியில் விழுந்தது, சருகும் சக்கையுமான காய்ந்த பொட்டெல்லாம் பறந்துபோய்க் காரின் முகத்தில் அப்பியது. மறுநாள் கம்பு வந்தது. அதற்கு மறுநாள் அப்பளம் போடும் பெண்கள் பாய்களோடு வந்தார்கள். ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் கூழ் ஆறவில்லை என்று பூசாரி ஆள் அனுப்பினார், தவளை போய் அண்டாவுக்குப் பின்னால் நின்றது. யாருக்கு எந்தக் கிழமை என்று கோகிலவாணி காலண்டரில் குறித்துவைத்தாள். அடுத்த தெருக்காரன் ஒருவன், இந்த மாதிரி ஒரு காற்றுவண்டி எந்தக் கம்பெனி செய்கிறது, தவணைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தான்.

காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வின் என்ற முப்பது வயது நாகர்கோவில் பையன், நாற்பது காற்றாலையும் ஒரு வாரமாகக் கார் நிற்கும் திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் வந்து நின்றான். "அண்ணாச்சி, ஒரு அரைமணிக்கூறு வண்டியக் கெழக்க கொண்டுபோயி, எங்க காத்தாடி வரிசைக்கு நேரா நிறுத்துங்க. வாற காத்து அதுக்க ஊடால வரட்டும்."

"நான் எப்ப தம்பி ஓட்டிப் பழகறது?"

"நான் சனி, ஞாயிறு கேக்கலியே."

சனி, ஞாயிறை நாச்சிமுத்து எடுத்துக்கொண்டார். கஞ்சிபோட்ட வெள்ளை வேட்டியோடு, டெம்போவில் ஈர நாரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "என்ன இருந்தாலும் மாப்பிள்ளை காரு, உரிமை இருக்குது," என்று தன் கையாலேயே நாரைக் காருக்கு முன்னால் பரப்பினார். பரப்பிக்கொண்டே, "முப்பத்து மூணாமே?" என்றார்.

"நாப்பத்தொண்ணு," என்றான் சென்னியப்பன்.

"பரவாயில்லீங்க மாப்பிள்ளை. நாரு நல்லாக் காயுது."

அன்று மத்தியானம் சென்னியப்பன் சாப்பிடவில்லை. காரின் முகத்தில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலவாணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று முன்மூடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பதும், விடுவதும், மறுபடி தூக்கப் பார்ப்பதுமாக இருந்தது.

"அதுக்குத் தெரியாதுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"காத்துக்கு. காலம்பூரா லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் பார்த்த காத்து. எஞ்சின் முன்னாடி இருக்கும்னு முன்னாடி வந்து நிக்குது. ராமாத்தாக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தாங்கல்ல, அது மாதிரி."

சென்னியப்பன் நாரை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நம்மூட்டுக்கு ஒரம்பரை சனம் வந்து முன்கதவைத் தட்டீட்டே நிக்கறாங்க, நாம எல்லாரும் பின்னால துணி துவைச்சுட்டு இருக்கறோம்னு வைங்க. கதவைத் திறந்து போட்டாத்தானே உள்ளே ஆளில்லைன்னு பார்த்துட்டுச் சுத்திட்டு வருவாங்க?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஸ்பானரைத் தேடினான். சாயங்காலத்துக்குள் முன்மூடியைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டான், உள்ளே கிடந்த உபரி டயரையும் எடுத்துவிட்டான். பின்னால் எஞ்சின் மூடியின் அடியில் வைக்க இரண்டு முட்டுகளை லேத்தில் கடைந்து, அவற்றிலும் ஓட்டை போட்டு, மூடி ஒரு சாண் திறந்தே நிற்கும்படி பூட்டினான். முன்னால் வெறும் பள்ளம், பின்னால் திறந்த வாய். நறுமுகை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தவளைக்கு மூஞ்சி எங்கே?" என்று கேட்டாள்.

ஆடிக் கடைசி ஞாயிறு காலை தடத்தில் ஓட்டுவதென்று முடிவாயிற்று. நேரம் பார்க்க நாச்சிமுத்துவே வருவதாகச் சொன்னார். தன்னுடைய சுற்றை அளந்த அதே ஸ்டாப்வாட்ச்தான் இதையும் அளக்க வேண்டும், வேறு வாட்ச் வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். சாவி கொடுக்கும் பழைய வாட்ச் அது. தலையில் ஒரே ஒரு குமிழ், திருகினால் சாவி ஏறும், அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். தடத்தில் கம்ப்யூட்டரும் இருந்தது, ஆனால் அது நேரம் பார்க்க ஒவ்வொரு காரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்க வேண்டும். சென்னியப்பன் அதை மாசியிலேயே கழற்றிவிட்டிருந்தான். எண்பது கிராம்.

கார் தடத்துக்குப் போகிறது என்றால் காற்றும் தடத்துக்குத்தான் போகும் என்பதால் ஊரும் புறப்பட்டது. ராமாத்தாள் மிச்ச எள்ளைச் சாக்கில் கட்டி டெம்போவில் ஏற்றினாள். அப்பளப் பெண்கள் பாய்களோடு ஏறினார்கள். தட மேனேஜர் வேலிக்குள் விட முடியாது என்றார். ராமாத்தாள், வேலிக்கு வெளியே நின்று தூற்றினாலும் பொட்டு உள்ளேதான் விழும், பிறகு கூட்டுவது யார் என்று கேட்டாள். கடைசியில், சுற்று தொடங்கி முடியும் கோட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் முறங்களோடு வரிசையாக நின்றார்கள். செல்வின் வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கியிருந்தான், ராமாத்தாள் அவன் கையில் ஒரு முறத்தைக் கொடுத்துவிட்டாள்.

கோட்டுக்கு நேராகக் கட்டைச் சுவர்மேல், கஞ்சி வேட்டியோடு, கட்டைவிரலைக் குமிழில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து நின்றார்.

முதல் சுற்று எஞ்சினைச் சூடாக்க. காற்று வழக்கம்போல எதிரே வந்தது. மூடி இல்லாத முன்பள்ளத்தில் இறங்கியது. பெட்ரோல் டேங்கைத் தடவியது, மூலைகளில் துழாவியது, கொஞ்சம் யோசித்தது. இரண்டாவது வளைவில் சென்னியப்பனுக்கு ஸ்டீயரிங் தளர்ந்தது. கூரைமேல் யாரோ ஏறிப் போவதுபோல் ஒரு சத்தம் முன்னாலிருந்து பின்னால் போயிற்று. கடைசி வளைவைத் தாண்டும்போது காற்று, திறந்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தது.

இரண்டாவது சுற்றுக்குக் கோட்டைத் தாண்டியபோது நாச்சிமுத்து குமிழை அழுத்தினார். பெண்கள் முறத்தைத் தூக்கினார்கள். கார் போயிற்று. அது போனதை ஊர் பிற்பாடு பல விதமாகச் சொன்னது, ஆனால் உள்ளே இருந்த சென்னியப்பனுக்கு அது போனதுபோலவே இல்லை. காற்றும் காரும் ஒரே வேகத்தில் போனதால் உள்ளே ஒரு பூட்டிய அறையின் அமைதி இருந்தது. பாவாடை நாடா ஆடாமல் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த எள்ளுப்பொட்டு ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில், அசையாமல் நின்றுகொண்டே கூட வந்தது. தடத்தின் ஓரத்து மரங்கள்தான் ஓடின. மூன்றாவது வளைவில், மச்சான் எல்லா விசேஷங்களிலும் பிரேக் பிடித்த அந்த வளைவில், அவன் பிரேக் பிடிக்கவில்லை. வெளியேயிருந்து காற்று காரைத் தோளோடு அணைத்துத் திருப்பிவிட்டது. ஒன்பது வருஷமாக எதற்கு ஓட்டை போட்டோம் என்று அவனுக்கு அப்போது புரிந்ததுபோல் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் புரிந்தது.

கோட்டை நோக்கி வந்தபோது காருக்குப் பின்னால் பாலக்காட்டுக் கணவாயின் மொத்தக் காற்றும், அதில் பத்து முறத்து எள்ளுப்பொட்டும் வந்தன. கார் கோட்டைத் தாண்டிய அதே நொடியில் காற்றும் தாண்டியது. கட்டைச் சுவர்மேல் நின்ற நாச்சிமுத்துவின் வேட்டி அடியிலிருந்து மேலே எழும்பிக் குடையாக விரிந்தது. எதிரே ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாச்சிமுத்து இரண்டு கைகளாலும் வேட்டியைப் பிடித்தார்.

சென்னியப்பன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தபோதும் அவர் பிடித்துக்கொண்டே நின்றார். எள்ளுப்பொட்டு அவர் மீசைவரை அப்பியிருந்தது.

"எவ்வளவுங்க மச்சான்?"

நாச்சிமுத்து உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதுங்களே," என்றார்.

"கோட்டைத் தாண்டிட்டனுங்களே."

"தாண்டினீங்க. அழுத்தலையே. கையில வேலை இருந்துச்சு." அவர் குரலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு திரும்பியது. "வாட்ச் நிக்காம சுத்து எப்படி முடியும் மாப்பிள்ளை? கணக்குப்படி உங்க சுத்து இன்னும் முடியலை."

"வேணும்னா இப்ப அழுத்துங்க," என்றாள் கோகிலவாணி.

"இப்ப அழுத்துனா நாலு நிமிஷம் ஆகும் அம்மிணி. மாப்பிள்ளைக்குத்தான் கேவலம்."

மறுபடி ஓட்ட முடியவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டதால் காற்று கிளம்பிவிட்டிருந்தது. எஞ்சினைக் கண்டுபிடித்தாயிற்று, குளிர்வித்தாயிற்று. அன்று மத்தியானமே அது வாகைப்புதூரின் தென்னைகளை ஒரு பக்கமாகச் சீவி, காற்றாலைகளை எல்லாம் சுற்றிவிட்டு, பல்லடம் பக்கம் போய்விட்டது. அதன்பின் சென்னியப்பன் இரண்டு நாள் ஓட்டிப்பார்த்தான். இருபத்தைந்து, இருபத்தாறு. ஆவணி பிறந்துவிட்டது.

நாச்சிமுத்து அந்த வாட்சை நிற்க விடவில்லை. காலையில் பல் விளக்கியதும் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு தடவை குமிழைத் திருகிச் சாவி கொடுத்தார். அது ஓடுகிறவரை மாப்பிள்ளையின் சுற்று முடிவதில்லை, முடியாத சுற்று எதையும் உடைப்பதில்லை. யார் வந்தாலும் எடுத்துக் காட்டினார். "என்னது ஒரு நிமிஷம் இருபத்து நாலு. மாப்பிள்ளையோடது இன்னைக்கோட பன்னெண்டு நாளு." கேட்டவர்கள் ஏன் அப்படி என்றார்கள். அப்போது அவர் வேட்டியைச் சொல்ல வேண்டியிருந்தது. வேட்டியைச் சொன்னால் காற்றைச் சொல்ல வேண்டியிருந்தது, காற்றைச் சொன்னால் கார் வந்த வேகத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. வேகத்தைச் சொல்லும்போது, கதை நன்றாக இருக்க வேண்டுமே என்று, அவரே கையை வீசிக் காட்டினார். வேட்டியிலேயே எல்லாரும் சிரித்துவிடுவதால் தன்னுடைய மூன்றாவது வளைவுவரை போக அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

சென்னியப்பன் மட்டும் வாடிக் கிடந்தான். "எங்கண்ணன் வாட்ச் நின்னுச்சுன்னா பழைய கதைக்கே போயிருவாரு, பார்த்துக்கோங்க," என்றாள் கோகிலவாணி, தோசையைத் திருப்பிக்கொண்டே. ஏழு ஓட்டைகள் வழியாகவும் ஆவி வந்தது.

காதுகுத்துக்குக் குலதெய்வக் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. நாச்சிமுத்து பட்டுத்துண்டோடு நடுவில் உட்கார்ந்து, நறுமுகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் வாட்சைத் தூக்கிக் காட்டி, "இருபத்தேழு நாளு, மூணு மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராமாத்தாள், "அந்த வேட்டியத்தான் இன்னைக்கும் கட்டியிருக்கறீங்களா தம்பி?" என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார்.

ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்ததும் நறுமுகை நெளிந்தாள், உதைத்தாள், பட்டுத்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு கையிலயும் புடிங்க," என்றார் ஆசாரி. "அது என்ன கையில? கீழ வைங்க."

நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். கீழே வைக்க மனமில்லை. பக்கத்தில் நின்றவன் சென்னியப்பன்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு வாட்சை அவன் கையில் கொடுத்தார். "பத்திரம் மாப்பிள்ளை. காலையில கிளம்பற அவசரத்துல சாவி குடுக்க மறந்துட்டேன்."

அது உள்ளங்கையில் சூடாக இருந்தது. சத்தம் மெலிந்துவிட்டிருந்தது, இரண்டு டிக்குக்கு நடுவில் இன்னொன்று வருமா என்று கேட்கவேண்டிய அளவுக்கு. சென்னியப்பன் கட்டைவிரலைக் குமிழில் வைத்தான். அழுத்த வேண்டியதுகூட இல்லை, அவன் சும்மா நின்றால் போதும், வாட்ச் தானாக ஓய்ந்துவிடும். கோகிலவாணி குழந்தையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். மண்டபத்துக்கு வெளியே ஆவணியின் மிச்சக் காற்று தென்னையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அசையாமல் கூட வந்த அந்த எள்ளுப்பொட்டு அவனுக்கு ஞாபகம் வந்தது.

ஊசி இறங்கியது, நறுமுகை வீறிட்டாள், நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அவளைவிடப் பெரிதாக முகத்தைச் சுளித்தார். சென்னியப்பன் குமிழைத் திருகினான், அது இனிமேல் திரும்பாது என்னும்வரை திருகினான், காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மச்சானின் சட்டைப்பையில் போட்டான்.